அம்மா கை போல வானம்

தமிழ் ஐயா, அந்தப் பெண்ணின் உவமையை அடித்தது உங்கள் தப்பு. நேற்று பிள்ளையார்பாளையம் ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்கம்மா கையில தாமரை இல்லடி, சாயம்தான் இருக்குது."

"அதுக்கு இன்னாடி இப்போ?"

"பரீட்சையில 'அம்மா கை போல வானம் சிவந்தது'ன்னு உவமை எழுதினேன். ஐயா அடிச்சிட்டாரு. 'தாமரை போன்ற கை'ன்னுதான் எழுதணுமாம்."

"அவரு தாமரைய எங்க பாத்தாரு?"

"நோட்ஸ்லதான்."

இருவரும் சிரித்தார்கள்.

"அம்மா பட்டுக்குச் சாயம் போடறாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. இனிமே சொந்தமா எழுத மாட்டேன்பா."

ஐயா, அந்த உவமையில் என்ன குறை? நாளை அதே வகுப்பில், சிரித்த பிள்ளைகள் முன்னால் பதில் சொல்லுங்கள்.