கெட்ட நாள்தான் அடிக்கும்

எங்கள் தெருவில் யார் வீட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகிறது என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். அதற்காக என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் சார். திண்டிவனத்தில் தெருவுக்குத் தெரு அப்படி ஒருத்தி இருப்பாள். எங்கள் தெருவுக்கு நான். பெயர் கலைமதி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, ஆதார் திருத்தம் என்று வருகிறவர்கள் அச்செடுத்து முடிவதற்குள் வீட்டுக் கதை பாதியைக் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

நீங்கள் என்னை விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கேட்டது ஒரே கேள்விதான். கம்ப்யூட்டரில் புரோகிராம் போட்டால் லாட்டரியில் அடிக்கிற வாய்ப்பு கூடுமா என்று. கூடாது சார். கேரளாவில் மதியம் குலுக்குகிற சீட்டின் கடைசி மூன்று எண்ணுக்கு இங்கே திருட்டுத்தனமாகப் பந்தயம் கட்டுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று வரும். கம்ப்யூட்டர் சொன்னாலும் கிளி சொன்னாலும் அதே ஆயிரத்தில் ஒன்றுதான். நேற்று வந்த எண்ணுக்கு இன்று வரப்போகிற எண்ணைத் தெரியாது. நான் கம்ப்யூட்டர் படித்தவள், இது எனக்கு முதல் நாளே தெரியும்.

பிறகு ஏன் செய்தாய் என்பீர்கள். இருதயசெல்விக்காகத்தான் செய்தேன்.

இருதயசெல்வி எதிர்வீடு. விழுப்புரத்திலிருந்து வீடு மாறி வந்தவள். புருஷன் ஞானராஜ் டைல்ஸ் கடையில் லோடு வண்டி ஓட்டுகிறான். தெருவே எனக்குத் திறந்த வீடாக இருக்க, அவள் மட்டும் வாயைப் பூட்டிச் சாவியைக் கோயில் உண்டியலில் போட்டவள் மாதிரி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், வருவாள், சிரிப்பாள்.

"இன்னா செல்வி, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது?"

"தூசுக்கா."

ஒரு மனுஷியின் கண்ணில் எத்தனை நாளைக்குத் தூசு விழும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

ஞானராஜ் அப்படி இல்லை, அவனுக்கு லாட்டரிப் பைத்தியம். பைபாஸில் வண்டி கவிழ்ந்தால் மற்றவர்கள் ஆளைத் தூக்க ஓடுவார்கள், இவன் நம்பர் பிளேட்டைப் பார்க்க ஓடுவான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். அடிபட்ட வண்டியின் நம்பர், செத்தவரின் வயசு, எல்லாவற்றையும் பந்தயத்தில் கட்டிப் பார்ப்பார்கள். அவன் ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது சொன்னேன், என்னிடம் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, வீட்டில் நடந்ததைத் தேதியோடு கொடுத்தால் அந்த வீட்டுக்கு ராசியான எண்ணை எடுத்துத் தரும் என்று.

"நெசமாவாக்கா?"

"பொய் சொன்னா கணக்கு தப்பிடும் தம்பி. நடந்தது நடந்தபடி சொல்லணும்."

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான் தேதிகளை அடிப்பேன், அது சீட்டுக் கட்டைக் கலைப்பது போலக் கலைத்து ஒன்றைக் காட்டும். அவனிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்னதே எனக்குப் போதும். செல்விக்கு முதலில் நிச்சயமான மாப்பிள்ளை ஏன் ஓடினான், மாமியார் எந்த நாளில் அவள் நகையைப் பிடுங்கினாள், அவள் எந்த நாளில் பூச்சிமருந்து குடிக்கப் போனாள். எல்லாம் வந்தது. ஆகஸ்ட் பதினாலில் அவர்களுக்குப் பிறந்து, அன்றே அடக்கம் செய்த பிள்ளையும் வந்தது. தூசு என்றாளே, அது.

எட்டாம் மாதம் பதினாலு, அந்த 814-ஐத்தான் ஒரு நாள் கம்ப்யூட்டர் காட்டியது. அன்று மதியம் அதுவே விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை சார். ஆனால் பழத்தைப் பொறுக்கியவனிடம் போய்க் காக்கையைப் பற்றிச் சொல்ல முடியுமா? என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

அதன்பிறகு கல்யாணத் தேதியைக் கட்டினான், ஞானஸ்நானம் வாங்கிய தேதியைக் கட்டினான், வண்டி எடுத்த தேதியைக் கட்டினான். எதுவும் அடிக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான்.

"அக்கா, நல்ல நாளு ஒண்ணும் அடிக்க மாட்டேங்குது. கெட்டது நடந்த நாளுதான் அடிக்குது."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மானிட்டரைப் பார்த்தேன், தலையாட்டினேன். "சிஸ்டமும் அதான் சொல்லுது தம்பி. ஆனா ஒரு தபா அடிச்சது மறுக்கா அடிக்காது. பழைய கெட்டதெல்லாம் தீந்துபோச்சி."

வாசல் வழியாக எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே, "செல்விக்கு இது எட்டாம் மாசம்" என்றான்.

"தெரியும்" என்றேன். அவள் நடையைப் பார்த்தே மூன்றாம் மாதத்தில் கண்டுபிடித்திருந்தேன்.

அவன் என்ன நினைத்தான் என்பது எனக்குப் புரிந்தது. நல்ல பையன், பெண்டாட்டியை ஒரு அடி அடித்தவன் இல்லை. ஆனால் சும்மா இருக்கத் தெரிந்தவன். சில வீடுகளில் அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடையை இழுத்துப் பூட்டப் போகும்போது ஓடி வந்தான்.

"அக்கா, கொழந்த அசையலன்றா. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போன்னு அழுதுக்கினு கீறா. ஜல்தியா பாத்துச் சொல்லு. இன்னிக்குத் தேதியா, நாளைக்குத் தேதியா?"

கரண்ட் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடவில்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. மானிட்டரை என் பக்கம் திருப்பி, கறுப்பாகக் கிடந்த கண்ணாடியில் என் நெற்றிப்பொட்டைச் சரி செய்துகொண்டு, "நாளைக்கு" என்றேன்.

ஏன் நாளைக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அன்றைக்கு வளவனூரில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் ஊரில் இல்லாத நேரத்தில் ஆட்டோ வந்து, கூட்டம் கூடி, அழுகை கிளம்பினால், முனை இட்லிக்கடை லூர்துமேரிதான் முதலில் பார்ப்பாள். தெரு முழுக்க அவள் வாயால் கேட்கும். திரும்பி வந்து அவளிடம் போய் நான் விசாரிக்க வேண்டும். நினைத்தாலே பேஜாராக இருந்தது.

வளவனூரில் சாப்பாடு நன்றாக இருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினேன். அவர்கள் வீட்டு வாசலில் அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. செல்வியை ஏற்றும்போது காலைப் பிடித்தது நான்தான்.

பிள்ளை செத்தே பிறந்தது. ஆண் பிள்ளை. ஞானராஜ் அந்தத் தேதியைக் கட்டியிருந்தான், விழவில்லை. அடக்கம் முடிந்து, கையில் மண்ணோடு என் கடைக்கு வந்தான்.

"ஏங்கா அடிக்கல? நேத்தே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொல்றாருக்கா."

"அப்படின்னா நேத்துத் தேதியத்தான் கட்டியிருக்கணும்" என்றேன். கணக்குப்படி அதுதானே சரி.

அங்கிருந்து நேராகப் போய்ச் சீட்டு விற்கிறவன் மண்டையை உடைத்திருக்கிறான். நீங்கள் ஞானராஜைப் பிடித்தீர்கள், அவன் என் கம்ப்யூட்டரைச் சொன்னான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அன்றைய தேதியைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இப்போது அழுதுகொண்டிருக்கும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆனால் செல்விக்கு இதெல்லாம் தெரியாது. ஆட்டோ கிடைக்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அவனை நீங்கள் உள்ளே வைத்த மறுநாள், அவளே தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தாள். பால் கட்டிக்கொண்டு ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "ஒன்ன வுட்டா எனக்கு யாருக்கா கீறாங்க" என்றாள். முதல் நிச்சயம் முறிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் புருஷன் வாயால் கேட்பது வேறு, அவள் வாயால் கேட்பது வேறு. தினம் வருகிறாள். நான்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறேன்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன் சார். இதை அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டாள். எங்கே கையெழுத்து என்று காட்டினால் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பேன். மருந்து குடிக்கப் போன நாளில் மாமியார் வாசலில் நின்று என்ன சொன்னாள் என்பதை நேற்றுப் பாதியில் விட்டுவிட்டாள். நான் போகாவிட்டால், பாவம், அவள் வேறு யாரிடம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்வாள்?