நாற்பத்திரண்டு வண்டிகளும் சாப்பிடப் போன ஒன்பது நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, அவசர அழைப்புகளை எடுக்கும் தங்கைகளே, நிரல் எழுதும் தம்பிகளே, ஆம்புலன்ஸை வாசலில் சாவியோடு நிறுத்திவிட்டு வந்திருக்கும் என் ஓட்டுநர் கூட்டாளிகளே, முன் வரிசையில் இருக்கும் மேடத்தின் கணவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நன்றாகப் பேசுகிற யாரையாவது கூப்பிடுங்கள் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன் நான். பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் அல்ல. பேச்சில் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேச வந்ததும் ஒரு பிழையைப் பற்றித்தான்.

யாருக்காக இந்த இரங்கல் கூட்டம்? நமது மென்பொருளை வடிவமைத்தவருக்காக, நம் ‘கழட்டி மேடத்துக்காக’. அந்தப் பட்டத்தைக் கொடுத்த பெருமை என்னைச் சேரும். வாரம் ஒருமுறை சோதனைக் கணினியில் ஏதாவது ஒரு பகுதியைக் கழற்றி வைப்பார். மற்றவை தம் பாட்டுக்கு ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் அன்று யாருக்கும் நிம்மதி இல்லை.

என் மண்டையில் ஏறும்படி அவர் சொன்னது இது: “அண்ணே, அழைப்பு வாங்குற பகுதி ஒரு வீடு. வண்டி தேடுற பகுதி இன்னொரு வீடு. ஒருத்தர் அடுப்படிக்குள்ள இன்னொருத்தர் நுழையக் கூடாது. சொல்ல வேண்டியத நடுவுல இருக்கிற மையத்துகிட்ட சொல்லட்டும். நாளைக்குப் புதுசா ஒரு வீடு வந்தா, பழைய வீட்ல ஒரு செங்கல்லக்கூட அசைக்க வேண்டாம்.”

எந்தப் பகுதி மையத்திடம் என்ன சொல்லும், என்ன கேட்கும் என்பதை ஒரே தாளில் எழுதி என்னிடம் நீட்டுவார். எனக்குப் புரியவில்லையென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒருநாள் கேட்டேன்: “ஏன் மேடம், ஆபீஸ்லயே பெரிய முட்டாள் நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“போட்டி பலமாத்தான் இருந்துச்சுண்ணே. ஆனா தம்பிங்களுக்குப் புரியலைன்னா சொல்ல வெக்கப்படுவாங்க. உங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லையே.”

மருத்துவமனைப் படுக்கைகளைப் பார்க்கும் பகுதி வந்தது. பழையதில் ஒரு வரி மாறவில்லை. ரத்த வங்கிப் பகுதி வந்தது. ஒரு வரி மாறவில்லை. பன்னிரண்டு வண்டிகள் நாற்பத்திரண்டு ஆயின. அப்போதும் மாறவில்லை. இப்படிக் கட்டியவரின் பெயரில்தான் நம் அலுவலகக் கோப்பில் ‘வடிவமைப்பாளரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாத்துலயும் அவ்ளோ கறாரா இருப்பா. அந்த ஒரு தப்ப மட்டும் ஏன் பண்ணா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். முன் வரிசையில் இருக்கும் ஐயா, எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எங்களுக்கு அழைப்பு வந்தது. ஓட்டுநர் சாப்பிடுகிறார் என்பது அழைப்பு எடுக்கும் தங்கைகளின் திரையில் உடனே தெரிய வேண்டும் என்று கேட்டேன். முறைப்படி மையம் வழியாகச் செய்ய இரண்டு வாரம் ஆகும் என்றார். நான் விடவில்லை. காலையில் பார்த்தால் கேட்பேன், படிக்கட்டில் பார்த்தால் கேட்பேன். “மையத்துக்குப் போகாம, வண்டிப் பகுதியிலேருந்து அழைப்புப் பகுதிக்கு நேரா ஒரு கம்பி இழுத்து விடுங்க மேடம். இப்போதைக்குத்தானே?” பத்தாவது நாள், “உங்க வாய்க்கு முன்னாடி யார் நிக்க முடியும்?” என்று சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டார். இப்போதைக்கு என்பதால் சோதனைக் கணினியில் அது ஏறவில்லை. தாளிலும் எழுதவில்லை. வேலை மேல் வேலை வந்தது. எல்லோரும் மறந்தோம்.

மறு வருடம் பழைய அழைப்புப் பகுதியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். கம்பியின் ஒரு முனை அறுந்து தொங்கியது. பதில் வராத வண்டிப் பகுதி என்ன செய்தது? நாற்பத்திரண்டு ஓட்டுநர்களும் சாப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வண்டி எதுவும் காலி இல்லை என்று மையத்திடம் சொன்னது. காலை பத்தே கால் மணிக்கு.

ஒரு பெண் பேசுகிறார்: “அப்பாவுக்குப் பேச்சு குழறுதுங்க, ஒரு கை தூக்க முடியல.” திரையைப் பார்த்த தங்கை, “வண்டி எதுவும் காலியா இல்லைங்க, லைன்லயே இருங்க” என்கிறார். கீழே நான் வண்டியில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நிமிடம். மேடம்தான் படிகளில் ஓடி வந்து கத்தினார். நான்தான் வண்டியை எடுத்தேன். அந்தப் பெரியவர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை இன்றுவரை எழவில்லை.

விசாரணையில் மேடத்திடம் கேட்டார்கள், யார் சொல்லி அந்தக் கம்பியை இழுத்தீர்கள் என்று. “நான்தான் இழுத்தேன்” என்றார், அவ்வளவுதான். தலைமைப் பொறுப்பு போனது. அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார்.

“என்னண்ணே, சாப்டாச்சா?”

ஊரையே கிண்டல் செய்கிற நான் அன்று எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன். அதன்பின் மூன்று வருடம் அவர் உயிரோடு இருந்தபோதும் எழுந்து நின்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்று மட்டும் ஏன் சொல்கிறேன்? இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது, இயக்குநர் ஐயா தம்பிகளிடம் சொன்னது காதில் விழுந்தது. திங்கட்கிழமை முதல் மீட்புப் படகுகளும் நம் மென்பொருளில் சேர வேண்டுமாம். “மேடம் இல்லாததால முறையா செய்ய நேரமில்ல. இப்போதைக்கு நேரா இழுத்து விடுங்க.” ஐயா, இது அப்படியே நான் பேசிய வசனம். அதற்கு ஒரு மனிதரின் கை போனது. படகுக்குக் காத்திருப்பவர் தண்ணீரில் காத்திருப்பார். அவருக்கு ஒன்பது நிமிடம் இருக்குமா?

மேடம் விட்டுப்போன வேலையை நாம் சுமப்போம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். என் உறுதி இது. அந்தக் கோப்பில் என் பெயரை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது ஒன்றுதான் எனக்கு அழகாக எழுத வரும். என் வேலையை என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள். ஆனால் படகுகள் மையம் வழியாகத்தான் வர வேண்டும், அதற்கு எத்தனை வாரம் ஆனாலும். அதுவரை படகுக்கான அழைப்புகளைத் தொலைபேசியில் கேட்டுக் கையால் எழுதி அனுப்ப, என் ஓய்வு நாட்களில் நான் வந்து உட்காருகிறேன்.

இயக்குநர் ஐயா, எழுந்துவிட்டீர்கள். நல்லது. ஒலிவாங்கியை உங்களிடமே தருகிறேன். திங்கட்கிழமையைப் பற்றிப் பிறகு எங்களிடம் சொல்லலாம். கோப்பில் இருக்கும் அந்த வரியை மாற்றுவீர்களா என்று முதலில் அவர் கணவருக்குச் சொல்லுங்கள்.