கட்டர் போன வழி

– காலை உள்ள இழு பரந்தாமா, காவடி வருது. ஆடிக் கிருத்திகைல நடுப்படியில ஒக்காந்துகினு கால நீட்றியே. எனக்குத்தான் இந்தப் பக்கம் கண்ணு இல்ல, ஒனக்குமா?

– போயிடுச்சு பாவா. அந்தக் காவடியையே பாருங்க. ஆடிட்டே ஏறுது. அது பட்டுட்டுப் போன இடத்தையெல்லாம் ஒண்ணாச் சேர்த்தா பெரிய உருவமா வரும். அதுக்குள்ள எந்தத் தலை இருந்தாலும் இடிக்கும். உங்க மெஷின்ல இரும்பை வெட்ற கட்டர் போற வழியையும் அப்படித்தான் கம்ப்யூட்டர்ல ஒரே உருவமா வரையறேன். அதுக்குள்ள இரும்பைப் பிடிக்கிற கிளாம்ப் மாட்டினா சிவப்பாக் காட்டும்.

– என் கண்ணு போன அன்னிக்குக் காட்லியே.

– காட்டல. இரும்பை வெட்டாம சும்மா நகர்றப்போ கட்டர் நேர்கோட்டுல போகும்னு எழுதிட்டேன்.

– நேரா எங்க போவுது? மொதல்ல கோணலா ஓடும், அப்பறந்தான் திரும்பும்.

– உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

– நீ கேக்கல. நானும் சொல்லல.

– எப்பவும் போல இரும்புக்கு பதிலா மெழுகுக்கட்டி வெச்சு ஓட்டிப் பாக்கறேன்னீங்க. நான்தான் படம் பாத்தாச்சு, வேணாம்னேன்.

– அத உங்கக்கா கிட்ட சொல்லிடாத. இன்னிக்கு வடை பாயசம் பண்ணிகினு இருக்கா, ஒனக்குக் கெடைக்காது.

– வெளையாடாதீங்க பாவா. திருத்திட்டேன். அன்னிக்கு மெஷினை ஓட்டின டேப்பையே மறுபடி கம்ப்யூட்டர்ல போட்டேன். கட்டர் எங்க மோதி ஒடைஞ்சுதோ அங்கயே சிவப்பு. நாளைக்கு விசாரணையில அதைக் காட்டப் போறேன். 'மணவாளன் ஸ்டாப் பட்டனை அமுக்கல'ன்னுதானே உங்களை வேலையை விட்டு எடுக்கப் பாக்கறாங்க? அமுக்க நேரமே இல்லன்னு நீங்க சொன்னாப் போதும். தப்பு என்னோடதுன்னு நான் ஒத்துக்கறேன்.

– ஒன் வேலை?

– போகட்டும். படம் வரைய இன்னொரு எடம் கிடைக்கும். உங்களுக்கு இன்னொரு கண்ணு கிடைக்குமா? சொல்வீங்கதானே?

– மணிச்சத்தம் கேக்குது. அடுத்த காவடி. தள்ளி ஒக்காரு.

– பாவா, சொல்வீங்கதானே?

– நேரம் இருந்துச்சுப்பா. கட்டர் கோணலா வர்றப்பவே பாத்துட்டேன். வெரலும் பட்டன் மேலதான் இருந்துச்சு. நீ வரைஞ்ச படத்துல இப்பிடி வர்லியே, என் கண்ணுதான் தப்பாப் பாக்குதுன்னு நெனச்சிகினு நின்னுட்டேன்.