வீதியைப் பார்க்கும் சன்னல்

என் பேச்சு நீளும் என்று அஞ்சி, இப்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட சபைத் தலைவர் லோத்தர் மன்ஹைமர் அவர்களே! மாண்புமிகு மேயர் அவர்களே! எரிந்த கோயிலைக் கண்ட கண்களால் எழுந்த கோயிலையும் காண வந்திருக்கும் பெரியோர்களே! குளிரிலும் குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்!

போர் முடிந்தபின் இந்த ஜெர்மானிய நகரத்தில் வங்கி எழுந்தது, வாணிகம் எழுந்தது, ரயில் நிலையம் எழுந்தது. நாஜிகள் எரித்த நம் யூதத் தொழுகைக்கூடம் மட்டும் எழவில்லை. ஏன்? இடம் இல்லையா? கல் இல்லையா? ஒரு சன்னல், நண்பர்களே, ஒரே ஒரு சன்னல் தடுத்தது!

கட்டடக் கலைஞர் எல்கான் வைல், லண்டனிலிருந்து நம்மிடம் திரும்பி வந்தவர், வீதிப்பக்கம் முழுவதும் வெறும் கற்சுவராக வரைந்திருந்தார். வெளிச்சமெல்லாம் உள்முற்றத்திலிருந்து. கம்பீரம்தான், மறுக்கவில்லை! கட்டடக் குழு மகிழ்ந்தது. காவல்துறை அதைவிட மகிழ்ந்தது.

அப்போது எழுந்தார் ரொட்டிக்கடைக்காரம்மா பேலா லிப்கின். அதோ, மூன்றாம் வரிசையில் என்னை முறைக்கிறாரே, அவர்தான். ஹனுக்கா ஒளித் திருநாள் விளக்கை எங்கே வைப்பது என்று கேட்டார். நகரத்து நண்பர்களே, அதை வீதி பார்க்கும்படி சன்னலில் ஏற்றுவது எங்கள் முறை. ஆபத்துக் காலத்தில் மேசைமேல் ஏற்றினால் போதும் என்று முன்னோரே சொன்னதை வைல் எடுத்துக்காட்டினார்.

“சரிங்க லண்டன்காரரே. ஆபத்து வந்தப்ப எங்கப்பாவும் திரைய இழுத்துவிட்டு மேசைலதான் ஏத்துனாரு. அதுக்காக ஆபத்தையே அஸ்திவாரமா போட்டா வீடு கட்டுவாங்க?”

“கல்லு வந்து விழுந்தா என்னம்மா பண்றது?”

“கண்ணாடிய மாத்துங்க. வெறும் சுவரா கட்டிட்டா அப்புறம் எத மாத்துவீங்க?”

இப்போது தட்டுகிறீர்களே கை, அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை! வைல் மட்டும் பென்சிலை எடுத்து ஆள் உயரச் சன்னல் ஒன்று வரைந்தார். இன்னும் கொஞ்சம் என்றார் பேலா. அகலமாக்கினார். இன்னும் கொஞ்சம் என்றார். இதோ, இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது!

போன வாரம் அதில் கல் விழுந்தது. மறைப்பானேன்? விளக்கை இன்று மேசையில் ஏற்றலாம் என்று குழுவில் சிலர் மெல்லச் சொன்னார்கள். நாங்கள் கூடிப் பேசினோம், கண்ணாடியை மாற்றினோம்.

நகரம் என்பது என்ன? சாலையா? சந்தையா? டிராம் வண்டியா? இல்லை! என் வீட்டு வெளிச்சம் உன் கண்ணில் படுவதும், உன் வீட்டு வெளிச்சம் என் கண்ணில் படுவதும்தான் நகரம்! எங்களுக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் ஏற்றப்போகிறோம்.

பொழுது சாய்ந்துவிட்டது. கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைத் தட்டாத தலைவருக்கும் நன்றி. எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும்! பேலா அம்மா, விளக்கேற்ற எழுந்து வாருங்கள். சன்னலை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்கிறார் காவலர். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.