அரம் தின்ற வெள்ளி

ரொட்டி ஆலையில் வேலை பார்ப்பவனுக்கு ரொட்டி பிடிக்காது என்பார்கள். எனக்குப் பிடிக்கும் ஐயா. சூடாக இருந்தால் இன்றைக்கும் இரண்டு துண்டு கூடவே தின்பேன்.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். தங்கை புருஷன் மாவு பிசையும் மெஷின் ஓட்டுகிறவர். விசாரணைக்கு வந்த நீங்கள் அந்த மெஷினுக்கான சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். மெஷினை நிறுத்தும்போது அதற்குள் இருக்கும் சுவிட்சின் முனைகள் பிரியும். பிரிகிற நொடியில் நடுவே பொறி தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் உலோகத்தைக் கொஞ்சம் தின்னும். அதைத் தாங்கத்தான் முனையில் வெள்ளி. கறுத்தாலும் வெள்ளி வேலை செய்யும். அரத்தால் தேய்க்கத்தான் கூடாது. தேய்த்தால் வெள்ளி போய்ச் செம்பு தெரியும். பொறியில் செம்பு உருகி முனைகள் ஒட்டிக்கொண்டால், பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் நிற்காது.

போன வருஷம் என் மனைவி என்னை விட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு அது பொழுதுபோக்கு. சாப்பாட்டு அறையில் தினமும், "மச்சானுக்கு ஊர் வயரெல்லாம் அத்துப்படி. வீட்டு கனெக்‌ஷன்தான் நிக்கல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வேண்டுமென்று குத்துகிற ஆளில்லை அவர். வாய்க்கொழுப்பு, அவ்வளவுதான். அது அப்போதே எனக்குத் தெரியும்.

வாராவாரம் அந்தப் பெட்டியைத் துடைப்பது என் வேலை. துடைத்தேன், அரத்தாலும் தேய்த்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி வச்சிருக்கியேப்பா" என்று முதுகில் தட்டினார். உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனாலும் அடுத்த வாரமும் தேய்த்தேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். இடது கை பொத்தானை அழுத்தும்போதே, பதம் பார்க்க வலது கை மாவை நோக்கிப் போய்விடும். பிளேடு நிற்கிற கணக்கு தனக்கு மனப்பாடம் என்று பீற்றிக்கொள்வார். ஒருமுறை பயந்தால் அந்தப் பழக்கமும் போகும், வாயும் அடங்கும் என்று நினைத்தேன். அடுத்த ஷிப்டுக்காரரிடம், "அண்ணே, பொத்தானை நம்பாதீங்க, பிளேடு நின்னப்புறம் கை வைங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் பிள்ளைகுட்டிக்காரர். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை முனைகள் ஒட்டிக்கொண்டன. ஓடிப்போய் மெயினை இறக்கியது நான்தான். முழங்கைக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியதும் நான்தான். மணிக்கட்டுக்குக் கீழே கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

தேய்மானம் என்று எழுதிவிட்டீர்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். நேற்று ஆஸ்பத்திரியில் தங்கை அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வெளியே வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணா, நல்லவேளை உன் பையில கட்டுத்துணி இருந்துச்சு. இல்லேன்னா அவரை உயிரோட பாத்திருக்க முடியாது."

வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. அவள் கண்ணீரில் என் விரல்கள் நனைந்தன.

பயமுறுத்த மட்டும்தான் நினைத்தேன் ஐயா, சத்தியமாக. துணியைத் திங்கட்கிழமையே வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.