உதட்டுச் சாயச் செவப்பு

சத்தியம் தம்பி, சத்தியம், சத்தியம்! மூணு தடவை சொல்லிட்டேன். நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், உங்க செவுத்துல வரிசையாத் தொங்குதே இத்தனை மானிட்டர், அத்தனையும் கழண்டு என் மண்டையில விழட்டும். ஏன் அண்ணாந்து பாக்கறீங்க? விழாது. நான் உண்மை பேசற ஆளு. என்ன, கத்தறேனா? முப்பத்தாறு வருஷம் அச்சு மெஷின் பக்கத்துல நின்னவனுக்கு இதுதாங்க ரகசியம் பேசற குரல்.

நீங்க கேட்டது என்ன, மானிட்டர் எந்த வேலைக்குன்னுதானே? அதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். வேலை என்னவோ டிசைன் வேலைதான். ஆனா வாங்கறது ஒரு கொலையைத் தடுக்க. சிரிக்காதீங்க. எங்க அச்சகத்துல கீழ மெஷின் ஓட்டறது என் பையன். மாடியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டிசைன் பண்றது என் பொண்ணைக் கட்டின மாப்பிள்ளை. எனக்கு ஓய்வு. ஓய்வுன்னா, மாடிப்படியில நடுப்படியா பாத்து உக்காந்திருப்பேன். மேலருந்து எறங்கறதும் கீழருந்து ஏறறதும் என்னைத் தாண்டித்தான் போகணும். அன்னைக்கு என்னைத் தாண்டிப் போனது ஸ்பேனர்.

ஆமா, ஸ்பேனர்தான். முழங்கை நீளம். என் பையன் படியில நின்னுக்கிட்டே வீசினான். என் காதோரமா விர்ருன்னு போச்சு. மாப்பிள்ளை டக்குன்னு குனிஞ்சுட்டார், ஒல்லி ஆளு. அது நேராப் போய் மானிட்டரோட வயித்துல பாய்ஞ்சுது. மானிட்டர் மேசையிலருந்து எகிறி, ஜன்னல் வழியா வெளிய போய், கீழ போய்க்கிட்டிருந்த ரொட்டி வண்டி மேல விழுந்துடுச்சு. வண்டிக்காரன் கவனிக்காம ஓட்டிக்கிட்டே போயிட்டான். கேளுங்க, கரண்டே இல்ல, ஆனாலும் அதுல படம் அணையல! எங்க உதட்டுச் சாய டப்பா படம், பளபளன்னு. நாலு தெரு தள்ளி ஒரு பொம்பளை அதைப் பாத்துட்டு, எந்தக் கடையில கிடைக்கும்னு வண்டியை நிறுத்திக் கேட்டிருக்காங்க. அப்புறம் எப்படி பொய்ன்னு சொல்வீங்க?

அந்த மானிட்டர் எப்படிப்பட்டதா? இதோ, இது மாதிரிதான். முகம் பாக்கற கண்ணாடி கணக்கா பளபளப்பு. கடையில வெச்சுப் பாத்தப்ப பூ எல்லாம் பூத்துக் குலுங்குச்சு, கிளி பறந்துச்சு, மாப்பிள்ளை மயங்கிட்டார். வீட்டுக்கு வந்தப்புறம் பாத்தா, படத்தைவிட அவர் மூஞ்சிதான் அதுல நல்லாத் தெரியுது. பச்சை சட்டை போட்டா செவப்பு அழுக்காத் தெரியும். வெள்ளை சட்டை போட்டா வெளுத்துடும். இது வேணாம், எடுத்து வெச்சுடுங்க. ஆமா ஆமா, மங்கலான முகப்பு இருக்கறதுதான் வேணும். எனக்கும் அது தெரியும், ஒரு மண்டை தப்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது.

சண்டை எதுக்குன்னா, செவப்புக்கு. உதட்டுச் சாயம் தயாரிக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க டப்பா அடிக்கறதுதான் எங்களுக்கு சோறு. டப்பா மேல ஒரு செவப்பு. சாயம் எந்தச் செவப்போ டப்பாவும் அதே செவப்பா இருக்கணும். மானிட்டர்ல பாத்தா அப்படியே இருக்கும். அச்சடிச்ச காகிதத்தை பக்கத்துல வெச்சா ஆரஞ்சு அடிக்கும். உடனே என் பையன் கீழ எறங்கி மஞ்ச மையைக் கொறைப்பான். இப்ப மானிட்டரோட பொருந்திடும். சந்தோஷமா கட்டி அனுப்புவாங்க. அந்தம்மா ஆபீஸ் வாசல்ல வெயில்ல பிரிச்சுப் பாத்தா, ரோஸ்! குழந்தைங்க சோப்பு டப்பா கணக்கா ரோஸ். மொத்தமும் திரும்பி வந்துடும்.

மச்சான், உங்க கண்ணைக் கழட்டிக் கழுவி மாட்டுங்கன்னுவான் என் பையன். உன் மெஷினைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுடான்னுவார் மாப்பிள்ளை. அப்புறம் கைதான் பேசும்.

ரெண்டாவது மானிட்டரா? அதைக் கேக்காதீங்க. காது போன கதை அது. பெருசு, ஆனா மட்டம். நேரா உக்காந்து பாத்தா ஒரு செவப்பு, எழுந்து நின்னு பாத்தா இன்னொரு செவப்பு. பக்கவாட்டுல பாத்தா வெத்தல போட்ட வாய் மாதிரி. மாப்பிள்ளை உக்காந்தே வேலை செய்யற ஆளு. என் பையன் பொறந்ததுலருந்து உக்காந்ததில்ல. அவர் சரிங்கறார், இவன் தப்புங்கறான், ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். ஒரு நாள் இவன், எழுந்து நின்னு பாருய்யான்னு நாற்காலியை உருவிட்டான். அவர் விழறப்ப இவன் காலரைப் பிடிச்சு இழுத்தார். ரெண்டு பேரும் கட்டிப் புரண்டாங்க. மேசை கால் ஒடிஞ்சுது. ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெரிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் வெளிய வந்துடுச்சு. அப்பதான் மாப்பிள்ளை இவன் காதைக் கடிச்சார். பாதி கையோட வந்துடுச்சு. கையோடன்னா, வாயோட. அதைத் தேடி எடுத்து டாக்டர்கிட்ட கொண்டு போனா, அவர் அவசரத்துல தலைகீழா வெச்சு தெச்சுட்டார். இன்னைக்கும் மழையில நனைஞ்சா அந்தக் காதுல தண்ணி தேங்கும். என் பையன் வருவான், நீங்களே பாருங்க. ஆனா உத்துப் பாக்காதீங்க, அடிப்பான்.

அதனால, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் நெறம் மாறக்கூடாது. குறிச்சுக்கிட்டீங்களா?

மூணாவதுதான் நல்லது. உங்களை மாதிரி கடைக்காரர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து வெச்சுக் குடுத்தார். மூணு பக்கமும் கறுப்பு மறைப்பு, குதிரைக்குக் கட்ற கணக்கா. ஒரு கருவி குடுத்தார், அட்டைப்பூச்சி மாதிரி ஸ்கிரீன்ல ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு நெறமா ருசி பாத்து அளக்கும். வெளிச்சத்தைக் கொறைச்சு காகிதம் அளவுக்கு வெச்சார். போட்டதும் வேலை ஆரம்பிக்காதீங்க, அரை மணி நேரம் சூடாகட்டும்னார். மாப்பிள்ளை அந்த அரை மணி நேரமும் கையைக் கட்டி அது முன்னாடி உக்காந்திருப்பார், கோயில்ல உக்காந்த மாதிரி. நாலு மூலையும் அளந்தாங்க. காகிதத்தை மாத்தினாங்க. மையை மாத்தினாங்க. அடிச்சாங்க.

ரோஸ்.

இந்தத் தடவை அந்தம்மாவே வந்துட்டாங்க. கைப்பையிலருந்து உதட்டுச் சாயத்தை எடுத்து, என் பையன் கன்னத்துல இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் ஒரு இழு இழுத்தாங்க. இதான்யா செவப்பு, பாத்துக்கோன்னு இன்னொரு கன்னத்துல விட்டாங்க ஒரு அறை. அதுவும் செவந்துச்சு, ஆனா ரோஸா. மாப்பிள்ளை சிரிச்சுட்டார். சிரிக்கலாமா? என் பையன் திரும்பி அவர் மூக்குல விட்டான் குத்து. ரத்தம் குபுக்குன்னு காகிதத்து மேல கொட்டுச்சு. அந்தம்மா குனிஞ்சு காகிதத்தைப் பாத்தாங்க. உதட்டுச் சாயத்தைப் பக்கத்துல வெச்சாங்க. இதேதான்! இந்தச் செவப்பைத்தான் நான் மாசக்கணக்கா கேக்கறேன்னு கத்திட்டு, ரத்தத்துக்கு மேலயே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அது காஞ்சு காப்பி நெறமாயிடுச்சு. சாயந்தரம் திரும்பி வந்து பாத்துட்டு, ஏமாத்தறீங்களாடான்னு காகிதத்தைச் சுருட்டி, ரெண்டு பேரையும் மெஷினைச் சுத்தி ஓட விட்டு அடிச்சாங்க. எனக்கும் ரெண்டு விழுந்துச்சு. நான் சும்மா படியில உக்காந்திருந்தவன்!

சிரிங்க சிரிங்க. முந்தாநாள் வரைக்கும் நானும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

முந்தாநாள் மறுபடி அடிச்சாங்க. மறுபடி ரோஸ். என் பையன் நிதானமா கையைத் தொடைச்சுக்கிட்டான். கத்தல. அதான் பயமாயிடுச்சு. காகிதம் வெட்டற கட்டிங் மெஷினைப் போட்டு விட்டான். ஐநூறு காகிதத்தை ஒரே எறக்குல, சத்தமே இல்லாம அறுக்கற பிளேடு அது. மாப்பிள்ளையோட வலது கையைப் பிடிச்சு தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போனான். இந்தக் கைதானே தப்புத் தப்பா நெறம் போடுதுன்னான். மாப்பிள்ளை மை கிளறுற கத்தியை எடுத்து அவன் தோள்ல ஒரு இழுப்பு இழுத்தார். அவன் விடல. என் பொண்ணு முன் ரூம்ல உக்காந்து பில் போட்டுக்கிட்டிருந்தவ ஓடி வந்து நடுவுல விழுந்தா. என் பையன் மறு கையில ஸ்பேனர் இருந்தது, நாங்க யாரும் கவனிக்கல. மச்சான் மேல போட்டது இவ மணிக்கட்டுல பட்டுச்சு. சத்தம் கேட்டுச்சு தம்பி. காஞ்ச குச்சி மாதிரி.

இல்ல. இதுல கூட்டல் ஒண்ணும் இல்ல. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லல.

நாளைக்குக் காலையில அந்தம்மா மெஷின் பக்கத்துலயே வந்து நிக்கப்போறாங்க. கடைசி தடவைன்னுட்டாங்க. செவப்பு தப்பினா மச்சான் கை பிளேடுக்கு அடியிலன்னு என் பையன் தன் கைக்குழந்தை மேல சத்தியம் பண்ணியிருக்கான். மாப்பிள்ளை இடுப்புல கத்தி வெச்சுக்கிட்டு நடக்கறார். மௌஸ் பிடிக்கற கை. என் பொண்ணு ரெண்டு பேர்கிட்டயும் பேசறதில்ல.

என்ன கேட்டீங்க? மெதுவாச் சொல்லுங்க. காகிதத்தை எந்த வெளிச்சத்துல வெச்சுப் பாக்கறாங்களா?

பொல்லாத ஆளுய்யா நீங்க. எட்டு மாசமா எங்க வீட்டுல ஒருத்தனுக்கும் தோணாத கேள்வி.

மானிட்டர் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உள்ள ரெண்டு ட்யூப், பகல் வெளிச்சம் மாதிரியே எரியற தனி ட்யூப். அச்சடிச்ச காகிதத்தை அதுக்குள்ள நிக்க வெச்சுத்தான் ஸ்கிரீனோட ஒப்பிடணும். மானிட்டரை அளந்தாங்க, மையை அளந்தாங்க, காகிதத்தை அளந்தாங்க. பெட்டி மட்டும் அப்பா பொறுப்பு. ட்யூப் மாத்தறதும் நான், தூசி தொடைக்கறதும் நான். அப்பா பாத்துக்குவார்னு ஒருத்தரும் மூடியைத் தொறக்கல. வெள்ளையா பால் மாதிரி மூடி, உள்ள இருக்கறது தெரியாது.

எனக்குப் பேப்பர்ல செத்தவங்க பக்கம் படிக்கணும் தம்பி. என் வயசுக்காரன் எவன் போயிட்டான், எவன் இன்னும் கெடக்கான்னு தெரியணுமில்ல? பொடி எழுத்து. என் ரூம்ல இருந்தது மஞ்சளா அழுது வடியற ட்யூப். கால் நகம்கூட வெட்ட முடியல, சதையை வெட்டிக்கிட்டேன். அதனால ஒரு நாள் பெட்டியில இருந்ததைக் கழட்டி என் ரூம்ல மாட்டிட்டேன். என் ரூம்ல இருந்ததைப் பெட்டியில போட்டேன். அவ்வளவுதான். எட்டு மாசம் முன்னாடி. என்ன வெளிச்சம்ங்கறீங்க! எல்லா சாவும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

கண்ணு பழகிடுது தம்பி. ஒரு வாரம் பாத்தா மஞ்சளும் வெள்ளைதான். முதல் ஸ்பேனர் பறந்தப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. சொல்லியிருக்கலாம். யார்கிட்ட சொல்றது, ஸ்பேனர் வெச்சிருக்கறவன்கிட்டயா?

இன்னைக்குக் காலையில அவங்க மூணு பேரும் பொண்ணு கை மாவுக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினதும் ட்யூப் ரெண்டையும் திரும்ப மாத்திட்டேன். என் ரூம்ல பழையபடி மஞ்சள். இனிமே எவன் செத்தான்னு யாராவது படிச்சுச் சொன்னாத்தான் உண்டு. நாளைக்குச் செவப்பு வந்துடும், எனக்குத் தெரியும். ஆனா எதையும் மாத்தாம திடீர்னு செவப்பு வந்தா, ஏன் வந்துச்சுன்னு என் பையன் தோண்டுவான். தோண்டினா மூடியைத் தொறப்பான். அதுக்குத்தான் புது மானிட்டர். எதுன்னாலும் சரி, ஆனா நெறம் தப்பாததா குடுங்க, அது வர்ற அட்டைப்பெட்டி பாக்கவே பெருசா இருக்கட்டும்.

பழசா? பழசுல ஒரு குத்தமும் இல்ல, தங்கமானது. அதான் நேத்து சாயந்தரம் நானே சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டேன். இந்தச் சனியன்தான்டா உங்க ரெண்டு பேரையும் அடிச்சுக்க வெக்குதுன்னு கத்திக்கிட்டே அடிச்சேன். ரெண்டு பேரும் மெரண்டு போய் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க. எட்டு மாசத்துல ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஒரே வேலை அதுதான்.

அதோ, கண்ணாடிக்கு வெளிய. நடுவுல கட்டுப்போட்ட கையோட வர்றதுதான் என் பொண்ணு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாம ரெண்டு பேருமே வர்றாங்க மானிட்டர் வாங்க. பழசுதான் கோளாறுன்னு நீங்களே சொல்லிடுங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, இந்த ரகத்துல அது வழக்கம்தான்னுடுங்க. யார் சொன்னதுன்னு மட்டும் உயிர் போனாலும் வாயைத் தொறக்காதீங்க. நான் அந்தப் பிரிண்டருங்களுக்குப் பின்னாடி போய் நிக்கறேன். நமக்குள்ள பழக்கமே இல்ல. யாரோ ஒரு கெழவன், வெயிலுக்கு ஒதுங்கினான்.