போயின்பள்ளி தாண்டியதும் ஒலிக்கும் பாட்டு

வரவுப் பொருள் சோதனைப் பிரிவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக் காத்து, இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய உமாசங்கர் அவர்களுக்கு, பாலாநகர்த் தொழிற்சாலைப் பிரிவினரும் மல்காஜ்கிரிக்குச் செல்லும் பணியாளர் வண்டிப் பயணிகளும் நிறைந்த நன்றியோடும், நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்ற சிறு பயத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

செவியே செல்வமாய்ச் செழித்த செம்மலே!

குடந்தையில் பிறந்து, ஹைதராபாத்தில் வேர்விட்டு, வாழ்நாளெல்லாம் வாய்மையே வழியென வாழ்ந்த உங்களை வாழ்த்த வார்த்தை தேடினோம். வழக்கமான வார்த்தைகளை நீங்களே 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்பதால், நடந்ததைச் சொல்லி வாழ்த்துவதென்று முடிவு செய்தோம். இந்த விழாவுக்கு உங்கள் மகன் நிகிலைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் சொன்னது இது: "ஷ்யூர் அங்கிள், வர்றேன். ஆனா மேடைல என் பாட்டு பத்தி எதுவும் பேச வேணாம், ப்ளீஸ். அப்பா இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கேட்டதில்ல. அத அப்படியே விட்டுடுங்க." கச்சிபௌலியில் பகலெல்லாம் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் அதே கணினியில் மெட்டமைப்பு என்றிருக்கும் அவர், தம் தாயார் கல்பகம் அம்மையாருக்குப் பக்கத்தில், முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டதற்கு நேர்மாறாகவே இந்த மடல் போகப் போகிறது.

சமரசம் அறியாத சான்றோரே!

வானூர்திக்குள் போகும் சின்னஞ்சிறு பொருளும் உங்கள் கண்ணுக்குத் தப்பி இந்த வாசலைத் தாண்டியதில்லை. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகள் வந்த வேகத்தில் திரும்பிப் போயின; மேலிடத்திலிருந்து வந்த சிபாரிசுகளும் அப்படியே. உயரத்தில் பறந்து பத்திரமாய் வீடு திரும்பும் எத்தனையோ பேருக்கு உங்கள் பெயர் தெரியாது. அவர்கள் சார்பிலும் நாங்களே இங்கே நன்றி சொல்லிவிடுகிறோம்.

நீங்கள் வகுத்த விதிகள் இரண்டு. பொருள் அனுப்பியவரே பொறுக்கி எடுத்துத் தரும் சாம்பிளைத் தொடாதே, மொத்தச் சரக்கிலிருந்து நீயே கைவிட்டு எடு என்பது முதல் விதி. தீர்ப்பு வரும்வரை, சோதிக்கிறவர் பொருளைச் செய்தவரோடு பேசக் கூடாது என்பது இரண்டாவது. இவற்றில் எதையும் நீங்கள் மீறி நாங்கள் கண்டதில்லை, பணியில்.

பாட்டு விஷயத்தில் மீறினீர்கள் ஐயா!

காலையும் மாலையும் நம் வண்டியின் பாட்டுப்பெட்டி உங்கள் ஆட்சியில் இருந்தது. உங்கள் கல்லூரிக் காலத்துப் பாட்டுகள் மட்டுமே ஒலிக்க உரிமை பெற்றிருந்தன. பின்வரிசை இளைஞர்கள் புதிதாக ஏதேனும் போடச் சொன்னால், "இது பாட்டாப்பா? தகர டப்பாவ உருட்டறான். அப்ப இருந்தவனுக்குத் திறமை இருந்தது, இப்ப இருக்கறவன்கிட்ட மெஷின்தான் இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவீர்கள். பாரடைஸ் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றால் உங்கள் சொற்பொழிவு நீளும். நெரிசல் தீர்ந்தாலும் அது தீராது.

ஒருநாள் உங்கள் பிரிவின் இளம் பொறியாளர் மஹதி எழுந்து நின்று கேட்டார். மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பயம் என்பது கிடையாது. "ஹவ் சார், ஒத்துக்கறேன், நீங்க போடற பழைய பாட்டெல்லாம் சூப்பர்தான். ஆனா அதெல்லாம் நீங்களே பொறுக்கி எடுத்தது. புதுசுல மட்டும் ரேடியோல வர்ற மொத்தச் சரக்கையும், முழு லாட்டையும் கேக்கறீங்க. போன வாரம்தான் ஒரு சப்ளையர் பொறுக்கின சாம்பிள் அனுப்பினாருன்னு திருப்பி அனுப்பினீங்க. இது மட்டும் எப்படி சார் செல்லும்?"

நீங்கள் பாட்டுப்பெட்டியை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டு நிறுத்தமான மெட்டுகுடாவில் இறங்கிப் போனீர்கள். பாவம் அந்தப் பெண், ஆதோனிக்கோ அடிலாபாத்துக்கோ மாற்றல்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை வந்து நின்றவர்தான் நாங்கள் வணங்கும் உமாசங்கர்! "அந்தப் பொண்ணு சொன்னது சரி. லாட் முழுசும் கொண்டு வாங்கோ" என்றீர்கள். உங்கள் கல்லூரி நாட்களில் ஓர் ஆண்டு, சென்ற ஆண்டு ஒன்று; இரண்டிலும் வெளிவந்த பாட்டுகளையெல்லாம் சீட்டெழுதி, ஓட்டுநர் பெருமாளின் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததைக் கேட்டோம். அப்பப்பா! உங்கள் பொற்காலத்தின் அந்த மறுபக்கத்தை நீங்களே மறந்திருந்தீர்கள். லாலாகுடா ரயில்வே காலனியில் எத்தனையோ திருவிழாக் கச்சேரிகளைப் பொறுத்துக்கொண்டு வளர்ந்த பெருமாளே, "நக்கோ சார், வேணாம்! கைக்கு சார், எதுக்கு இந்த வேதனை? இந்தப் பாட்டுக்கு வண்டி ஓட மாட்டேங்குது" என்று கெஞ்சினார். புதியவற்றிலும் பெரும்பகுதி உங்கள் 'ரிஜெக்ட்' வாங்கியது. ஒரு மாதம் போல் கேட்டுவிட்டு, முன்வரிசையும் பின்வரிசையும் கேட்கத் தீர்ப்புச் சொன்னீர்கள்: "ரெண்டு லாட்லயும் கழிவு ஏறக்குறைய ஒண்ணுதான். தேறினதும் ஏறக்குறைய ஒண்ணுதான். பழசுல தேறாததையெல்லாம் நாம மறந்துட்டோம், அவ்வளவுதான்."

முழுக்க விட்டுக்கொடுத்தீர்களா என்றால், அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் அத்தனை வாத்தியக்காரர்களும் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த அந்த அழகு இன்று அரிது என்றீர்கள், இப்போதும் சொல்கிறீர்கள். அதை மஹதியும் மறுக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நீங்கள் நேர்மையாளர் என்று மட்டும் எழுதி முடித்திருப்போம். தீர்ப்புச் சொன்ன அந்த மாலையே, யாரையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "பிரிச்சுப் பாக்காமலே நான் ரிஜெக்ட் பண்ணின பெட்டி ஒண்ணு ஆத்துல இருக்கு. நிகிலோட பாட்டு இருந்தா போடும்மா, மஹதி."

மஹதி இணையத்தில் தேடிப் போட்டார். முதல் பாட்டுக்கு, "மூச்சு விட இடமே வைக்கல" என்றீர்கள். இரண்டாவதும் தேறவில்லை. மகன் என்பதற்காக ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தீர்களா? கிடையாது. மூன்றாவது பாட்டு, வண்டி போயின்பள்ளி தாண்டியதும் தொடங்கியது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னீர்கள். மெட்டுகுடா வந்தது, நீங்கள் இறங்கவில்லை. மல்காஜ்கிரியில் எல்லோரும் இறங்கிய பிறகு பெருமாள் வண்டியைத் திருப்பி, உங்களை வீட்டில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது அவரிடம் ஒரே ஒரு சொல்லில் தீர்ப்புச் சொன்னீர்களாம்: "பாஸ்."

அடுத்த நாள் எங்களுக்கு உத்தரவும் போட்டீர்கள். "அவன்கிட்ட யாரும் மூச்சு விடப்படாது. எனக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா, அடுத்த பாட்ட எனக்காகப் போடுவான். கெட்டுடும். நான் இங்க டெஸ்டரா இருக்கற வரைக்கும் செஞ்சவன்கிட்ட பேசப்படாது." கட்டுப்பட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் போயின்பள்ளி தாண்டியதும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. தமிழே தெரியாத நம் வண்டித் தோழர் கிருஷ்ணபிரசாத் காரு அதை முணுமுணுத்தபடிதான் காய்கறி வாங்குகிறாராம்.

இன்றோடு நீங்கள் டெஸ்டர் இல்லை ஐயா. உங்கள் உத்தரவும் காலாவதியாகிவிட்டது. ஆகவே அவை அறியச் சொல்கிறோம்: நிகில், உங்கள் அப்பா கேட்டுவிட்டார். தினமும் கேட்கிறார்.

நேர்மையில் நிமிர்ந்த நெஞ்சரே! தவறெனத் தெரிந்த மறுநாளே திருத்திக்கொள்ள எங்களாலும் முடியும் என்ற தைரியம் உங்களைப் பார்த்து வந்தது. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. கண்ணும் காதும் கூர்மை குன்றாமல், கல்பகம் அம்மையாரோடு பல்லாண்டு சேர்ந்து கேட்டு, சேர்ந்து சண்டையிட்டு, நலமோடு வாழ்வீராக!

பணி நிறைவு நாளில் அதிகாரியின் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவது இங்கே வழக்கம். அந்தக் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டோம். நம் வண்டியிலேயே போகிறோம். உங்கள் ஜன்னலோர இருக்கைக்குப் பக்கத்தில் நிகிலுக்கு இடம் போட்டிருக்கிறோம். போயின்பள்ளி தாண்டியதும் பெருமாள் போட வேண்டியதைப் போடுவார். மெட்டுகுடா வந்தும் நீங்கள் இருவரும் இறங்காவிட்டால், யாரும் நினைவுபடுத்த மாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
வரவுப் பொருள் சோதனைப் பிரிவுப் பணியாளர்கள்,
மல்காஜ்கிரி வண்டியின் முன்வரிசையும் பின்வரிசையும்
பாலாநகர், ஹைதராபாத்